முகம் விழாத படம்

அந்தக் கேமராவை முதல் தடவை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அம்மா அதைத் தொட மாட்டேன் என்றாள். கறுப்பாக, சதுரமாக, பிஸ்கட் டின் அளவில் இருக்கும். முன்பக்கம் ஒரு கண், மேலே குனிந்து பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு திருகு. அப்பாவின் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காஜா பெராங் சடக்கு ஓரமாகவே நடந்து வந்திருந்தேன். வழியில் யாராவது என்ன அது என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் கேமரா உடைந்துவிடுமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"யாரு வீட்டு சாமான் இது?" என்றாள் அம்மா.

"டீச்சரோடது. எல்லாருக்கும் ஒரு வாரம் குடுக்கறாங்க."

"ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? கீழ வைக்காத. அரிசி டின்னு மேல வை."

வைத்தேன். அன்று முழுவதும் அடுப்படிக்குப் போக வர அம்மா அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டே போனாள், யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. அப்பா முனிசிபலில் ரோடு போடுகிற சடக்கு வேலை செய்தார். வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி. எனக்குப் பின் பிறந்தவை தங்கவில்லை, ஆகவே வீட்டில் நான் ஒருத்திதான். அம்மா மசாலா அரைத்து விற்பாள். விடிவதற்குள் அம்மிக்கு முன் உட்கார்ந்துவிடுவாள். காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள், செராய் என்கிற எலுமிச்சைப் புல், இறால் பிளாச்சான், எந்த வீட்டுக்கு எது வேண்டுமோ அதைத் தனித்தனியாக அரைத்து, உருண்டை பிடித்து, வாழையிலையில் வைத்துக் கட்டி, கூடையில் எடுத்துக்கொண்டு போவாள். சீன வீடுகளிலும் செட்டி வீடுகளிலும் அம்மா அரைத்த மிளகாய் என்றால் காத்திருந்து வாங்குவார்கள். சாயங்காலம் அம்மாவின் கை இரண்டும் வீங்கிச் சிவந்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் கையைக் காற்றில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். என்னைத் தொடமாட்டாள். தொட்டால் எனக்கும் எரியும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு வீட்டு வேலை, தண்ணீர் பிடிப்பது, அம்மாவுக்கு மிளகாய் கிள்ளிக் கொடுப்பது. பெண் பிள்ளைகளுக்கு சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஏதோ ஒரு வீட்டில் மசாலா கொடுக்கப் போனபோது அம்மாதான் கேட்டு வந்தாள். இங்கிலீஷ் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நான் போகலம்மா. வெக்கமா இருக்கு" என்றேன்.

"வெக்கப்பட்டுக்கிட்டே போ. இந்தக் கல்லு என்னோட போகட்டும்" என்றாள்.

பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. தன் நாட்டில் பத்திரிகையில் வேலை பார்த்தவர், புருஷனோடு இங்கே வந்தவர். உயரமாக இருப்பார், வேர்த்துக்கொண்டே இருப்பார். முதலில் புத்தகம் வைத்துதான் சொல்லிக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தில் ஒரு வீடு இருக்கும், அதற்குள் நெருப்பு எரிகிற ஓர் இடம் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். நாங்கள் பனியைப் பார்க்காமலே பனி பனி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கேள்வி கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. ஒருநாள் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள் இந்தக் கேமராவோடு வந்தார். உங்கள் வீட்டுக்கு வேண்டிய சொற்கள் இந்தப் புத்தகத்தில் இல்லை, நீங்கள் வீட்டைக் கொண்டு வாருங்கள், சொல்லை நான் தருகிறேன் என்றார். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பத்திரிகைக்காரர்கள் செய்கிற மாதிரியே செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு எடுக்க வேண்டும். யாரையும் நில் என்று சொல்லக் கூடாது, சிரி என்று சொல்லக் கூடாது, அவரவர் செய்வதைச் செய்துகொண்டிருக்க விட வேண்டும். வெயில் இல்லாத இடத்தில் எடுத்தால் படம் விழாது. பின்பக்கம் திறக்கவே கூடாது, உள்ளே ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் எடுத்தது எல்லாம் போய்விடும். இதை மட்டும் அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். படம் வந்ததும் அதற்குக் கீழே யார், எங்கே, என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் எழுதி, எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சீனப் பெண் கொண்டுபோனாள். அவள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படமும் அதற்கு முன்னால் ஊதுவத்தியும் ஆரஞ்சுப் பழமும் இருப்பதை எடுத்து வந்தாள். அடுத்தது செட்டி வீட்டுப் பெண். எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட நம் ஆட்கள், நம் கோயிலுக்குத்தான் வருவார்கள், நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் பொட்டும் இருக்கும். உடுத்துவது மலாய்க்காரர்கள் மாதிரி சாரோங்கும் கெபாயாவும், பேசுவது மலாய். தமிழ் வராது. அவள் எங்களோடு மலாயில்தான் பேசுவாள், எங்கள் வீட்டில் மசாலா வாங்கும் குடும்பம்தான். அவள் எடுத்து வந்த படத்தில் வரிசையாக வாழையிலைகள், இலை நிறையப் பழம், சோறு, கறி. பழக் காலத்தில் செத்தவர்களுக்கு வைக்கிற படையல். ஓர் ஆள்கூட படத்தில் இல்லை.

"இதில் யார் சாப்பிடப் போகிறார்கள்?" என்று டீச்சர் கேட்டார்.

"டெட் பீப்பிள், டீச்சர். ஆல் கமிங்" என்றாள் அவள். பின் பெஞ்சில் ஒருத்தி காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம்.

அவர்களுடைய படம் எதுவும் அங்கே வைப்பதில்லையா என்று டீச்சர் கேட்டார். இல்லை என்றாள். முகமே தெரியாத எவ்வளவோ பெரியவர்கள், பெயர்கூடத் தெரியாது, கூப்பிட்டால் வருவார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார். எங்கள் வீட்டில் சாமிப் படம்தான் இருந்தது. செத்தவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில் செத்தவர்கள், இல்லையென்றால் பால் குடிக்கிற வயதில் செத்தவர்கள், படம் கிடையாது. இவ்வளவையும் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. "நோ, டீச்சர்" என்றேன்.

அப்படித்தான் என் முறை வந்தது. நான் அம்மாவை எடுக்க நினைத்தேன். வேறு யாரை எடுப்பது? அம்மியை முற்றத்து வெளிச்சத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு அரைக்கும்போது கேமராவை வயிற்றோடு பிடித்துக் குனிந்து பார்த்தேன். அம்மா கல்லை நிறுத்திவிட்டாள்.

"என்னையா எடுக்கற?"

"ஆமாம்மா. நீ பாட்டுக்கு அரை."

"தலை சீவல, மூஞ்சி கழுவல, சேலை பூரா மிளகா. இப்படி எடுத்துட்டுப் போயி வெள்ளக்காரிகிட்டக் காட்டுவியா? போடி."

"அப்படித்தாம்மா எடுக்கணுமாம். நிக்க வச்சு எடுக்கக் கூடாதாம்."

"அவங்களுக்கென்ன? அவங்க வீட்ல படம் நூறு இருக்கும், ஒண்ணு இப்படி இருந்தா பரவால்ல. சர்க்காருக்கு ஒரு தடவ என் மூஞ்சியக் குடுத்தாச்சு. அதும் வெயில்ல வரிசையில நிக்க வச்சு, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு. அது போதும்."

அம்மா சொன்னது ஐசியை, அடையாள அட்டையை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில் எல்லாருக்கும் படம் எடுத்து, கைநாட்டு வாங்கி, ஐசி கொடுத்தார்கள். அதில் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக அம்மாவின் முகம் இருந்தது. அம்மாவுக்கு அதைப் பிடிக்காது. யாராவது கேட்டால் கட்டை விரலால் படத்தை மூடிக்கொண்டுதான் நீட்டுவாள்.

"கைய வேணா எடுத்துக்க" என்றாள் கடைசியில். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடியும் அரைக்க ஆரம்பித்தாள். நான் கொஞ்சம் கிட்டே போய், கையும் குழவியும் மட்டும் கண்ணாடிக்குள் வருகிற மாதிரி பிடித்து எடுத்தேன். கழுத்துக்கு மேலே எதுவும் வரவில்லை.

அந்தப் படத்தை டீச்சர் பெரிய தாளில் போட்டுச் சுவரில் குத்தினார். குழவியைப் பிடித்த இரண்டு கை, விரல் மூட்டுகள், கல்லில் பாதி அரைந்த மிளகாய், மடியில் இழுத்துச் செருகின சேலை. கறுப்பு வெள்ளையில்கூட கை எரிவது தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தேன். இது என் அம்மாவின் கை. அம்மா மிளகாய் அரைக்கிறாள். கை எரியும். மூன்று வரிதான். மூன்றாவது வரிக்கு டீச்சர்தான் சொல் கொடுத்தார். நான் என் கையை ஊதிக் காட்டினேன், அவர் உடனே புரிந்துகொண்டு பலகையில் எழுதினார். வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"முகம் எங்கே?" என்று டீச்சர் கேட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். செட்டி வீட்டுப் பெண்தான் எனக்காகச் சொன்னாள். "ஹெர் மதர் ஷை, டீச்சர். சேம் லைக் ஹெர்."

வீட்டில் போய் இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் எண்ணெய் தடவின கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி உன் முறை எப்ப வரும்?"

"எல்லாரும் முடிச்ச பெறகு."

"அப்பக் கொண்டா. நான் தல முழுகிட்டு, அந்த மாம்பழக் கலர் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். நிக்க வச்சுதான் எடுக்கணும், சொல்லிட்டேன். மூஞ்சி முழுசா வரணும். நாளைக்கு உன் புள்ளைங்க கேட்டா, அம்மாயி இப்படி இருந்தாங்கன்னு காட்டலாம்ல."

மாம்பழக் கலர் சேலை என் பிறப்புக்கு முன்னால் வாங்கினது. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும்.

இரண்டாம் முறை கேமரா என் கைக்கு வந்தபோது சடக்கில் மெர்டேக்காவுக்கு வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓவர்டைம் செய்து வெள்ளையடித்துவிட்டு வருவார். எங்கள் படங்களையெல்லாம் மண்டபத்தில் மாட்டிவைத்து ஊர் ஜனங்களைக் கூப்பிடப் போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்று அம்மா சொன்னாள். சேலையை எடுத்து ஒரு நாள் வெயிலில் போட்டு, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தாள்.

புதன்கிழமை காலையில் அம்மா தலை வலிக்கிறது என்றாள். அம்மா தலைவலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். அரைத்தது பாதி அம்மியில் அப்படியே இருந்தது. மத்தியானம் சோறு வேண்டுமா என்று கேட்டேன். அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது, என்னமோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை. அக்கம்பக்கத்தில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த சொல் ஒன்றும் அதில் வரவில்லை. வியாழக்கிழமை அம்மாவின் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

புக்கிட் ரம்பாயில் இருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை. அவள் வராமல் இருந்திருந்தால் அன்று எங்கள் வீட்டில் ஒன்றுமே நடந்திருக்காது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அத்தைதான் அம்மாவைக் குளிப்பாட்டினாள், முகத்துக்கு மஞ்சள் பூசினாள், தலை சீவிப் பூ வைத்தாள், வட்டமாகப் பெரிய பொட்டு வைத்தாள். "அண்ணி சுமங்கலியாப் போறாங்க. என்ன சேலை இருக்கு?" என்று கேட்டாள். தலையணைக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு படம் எடுப்பது அப்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். சவப்பெட்டியில் கிடத்தின பிறகு, தலைமாட்டில் குடும்பம் நிற்க, படக்கடைக்காரர் வந்து எடுப்பார். உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் மிஞ்சும். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பதினாறாம் நாள் இலைக்கு முன்னால் வைப்பார்கள். கூப்பிடப் போனவர் திரும்பி வந்து, கடை சாத்தியிருக்கிறது என்றார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"பாப்பாகிட்டத்தான் கேமரா இருக்கே" என்றாள் அத்தை. "நீ எடு தாயி. ஒங்கம்மாவுக்கு நீ எடுக்காம யாரு எடுக்கறது?"

அரிசி டின் மேலிருந்து எடுத்தேன். வீட்டுக்குள் இருட்டு. அங்கே எடுத்தால் படம் விழாது என்று எனக்குத் தெரியும். வாசலில் ஆம்பிளைகள் நிறைய நின்றார்கள். நான் அவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசினதில்லை.

"வெயிலுக்குக் கொண்டாங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அம்மாவ வெயிலுக்குக் கொண்டாங்க. இங்க எடுத்தா வராது."

தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார்கள். அம்மி கிடந்த இடம்தான். குனிந்து பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் எல்லாமே சின்னதாக, இடம் வலமாகத் தெரியும். அம்மாவின் மூக்குத்தி மறுபக்கத்தில் இருந்தது. மஞ்சள் முகமும் மாம்பழக் கலர் சேலையும் பூவும், எப்படி எடுக்கச் சொன்னாளோ அப்படியே இருந்தாள், நிற்கவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் நிற்க ஒன்று எடுத்தேன். திருகைத் திருப்பி, பின்னால் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்ததா என்று பார்த்து, முகத்தை மட்டும் ஒன்று எடுத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பாவும் மற்றவர்களும் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் எங்களைப் பொதுக் குழாயடிக்குக் குளிக்க அனுப்பிவிட்டு அத்தை வீட்டைக் கழுவத் தங்கினாள். சாவு எடுத்த வீட்டை அப்படியே விடக்கூடாது. பாய், தலையணை வெளியே போகும். தரை, பாத்திரம், துணி, வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் பட வேண்டும்.

ஈரத்துணியோடு திரும்பி வந்தேன். வாசலில் கட்டின கொடியில் எங்கள் சேலைகள், அப்பாவின் வேட்டி, அடுப்படித் துணி. அவற்றுக்கு நடுவே நீளமாக, கரும்பழுப்பாக, நாடா மாதிரி ஒன்று தொங்கியது. காற்றில் சுருண்டு சுருண்டு விரிந்தது. வெயிலில் பளபளத்தது. அதன் கீழே கவிழ்த்து வைத்த சட்டி பானைகளோடு கேமரா வாயைத் திறந்துகொண்டு காய்ந்தது.

அத்தை துடைப்பத்தோடு வெளியே வந்தாள். விடியற்காலையிலிருந்து உட்காராமல் வேலை செய்த முகம்.

"அடுத்த வீட்டு சாமானாச்சே, தீட்டோட திருப்பிக் குடுக்கலாமா? அதான் மஞ்சத் தண்ணியில நல்லா அலசி வச்சிட்டேன். உள்ள ஒரு சுருள் இருந்துச்சு. அதுவும் நனைஞ்சிருச்சு, சுருட்டி வச்சா ஒட்டிக்கும்னு பிரிச்சுக் காயப் போட்டேன். காஞ்சதும் நீயே உள்ள வச்சுக்க, எனக்கு அதெல்லாம் தெரியாது."

கொடியடியில் போய் நின்று அதை எடுத்துச் சுருட்டினேன். விரலில் மஞ்சள் ஒட்டியது.

சாயங்காலம் அப்பா வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தார். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா ஐசி எங்கப்பா?"

"அதக் குடுத்துட்டுத்தானம்மா சுடுகாட்டுக்குப் பெர்மிட் வாங்குனேன். செத்தவங்களுத வாங்கிக்கிருவாங்க." பிறகு அப்பாவே சொன்னார். "அது போனாப் போவுது. நீதான் எடுத்திருக்கல்ல. கருமாதிக்குள்ள படம் போட்டு வாங்கியாந்துரு பாப்பா. மூஞ்சி நல்லாப் பெருசா இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன்.

தீட்டு வீட்டிலிருந்து நான் வகுப்புக்குப் போக முடியாது. செட்டி வீட்டுப் பெண் தன் அம்மாவோடு துக்கம் கேட்க வந்தபோது அவளைக் குழாயடிப் பக்கம் கூட்டிப் போய் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேலே பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"டீச்சர் ஏதாவது செய்வாங்க" என்று கேமராவோடு சுருளையும் வாங்கி வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வரலைன்னாலும் தாப்பா, பரவாயில்ல. எங்க வீட்ல படமே கெடையாதே. உங்கம்மாவுக்குப் பிடிச்சதைச் செஞ்சு வச்சுக் கூப்பிடு. வருவாங்க."

அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர்களுக்குக் கூப்பிடத் தெரியும். எங்களுக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.

கருமாதிக்கு முந்தின நாள் டீச்சரே வந்துவிட்டார். லயத்துக்கு வெள்ளைக்கார அம்மா வந்ததே இல்லை, வாசலெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை பாயை உதறிப் போட்டாள். டீச்சர் காலை மடக்கத் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தார். தாளில் சுற்றின ஒன்றை என் கையில் கொடுத்தார். அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா செத்த நாளிலிருந்து அவர் தானாக எழுந்து வந்தது அப்போதுதான்.

பிரித்தேன். கை. அம்மாவின் கையும் குழவியும் மிளகாயும். பெரிதாகப் போட்டு, தேக்குக் கட்டையில் அகலமாகச் சட்டம் போட்டிருந்தார்.

அப்பா பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"மூஞ்சி எங்க?" என்றார்.

டீச்சர் என்னிடம் மெதுவாகப் பேசினார். சுருளை எல்லா விதமாகவும் செய்து பார்த்தாராம். ஒன்றும் இல்லையாம். யார் திறந்தது, ஏன் திறந்தார்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அத்தை. கையில் டீச்சருக்குக் கொண்டு வந்த கோப்பி.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் தேடினேன். "மை ஆன்ட்டி வாஷ், டீச்சர்" என்றேன். "டெட் ஹவுஸ். ஆல் திங்ஸ் வாஷ். யுவர் திங், ஸோ வாஷ் வெரி குட்." டீச்சர் அத்தையைப் பார்த்தார். அத்தை கோப்பியை இரண்டு கையாலும் அவருக்கு நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தபடியே நின்றார்.

"படம் விழலையாம்ப்பா" என்றேன். "வெயில் பத்தலையாம்."

நல்ல மனசால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தை கழுவினதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அன்று வராதது பிறகும் வரவில்லை.

"அவ்வளவு வெயில் அடிச்சுச்சே" என்றார் அப்பா. பிறகு, "ஒன்னை நம்புனேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அப்பவே அந்தப் படக்கடைக்காரன எங்க இருந்தாலும் இழுத்துட்டு வரச் சொல்லிருக்கணும்" என்றாள் அத்தை. "சின்னப் புள்ளைய நம்பி ஒரு மூஞ்சி போச்சே." இதை அத்தை சாகிற வரைக்கும் சொன்னாள். என் கல்யாணத்தில் சொன்னாள், என் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது சொன்னாள். ஒரு படம் ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை இவளுக்கு, எங்கள் அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் போச்சு என்பாள். சொல்லும்போது அத்தைக்கு உண்மையிலேயே கண் கலங்கும். நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் கருமாதி. வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் இலை போட்டோம். அம்மாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பால் வைக்க வேண்டும். அதற்கு மிளகாய் நான்தான் அரைத்தேன். அரைத்து முடித்ததும் கை எரிந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை படத்துக்கு மாலை போட்டாள். குங்குமத்தைக் குழைத்து விரலில் எடுத்து, பொட்டு வைக்கக் கையைக் கொண்டு போனாள். கொண்டு போன கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வைக்கிறதுண்ணே?" என்றாள்.

வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கையில் வைக்கலாமா என்று பார்த்தாள், கல்லில் வைக்கலாமா என்று பார்த்தாள். கல்லுக்கு வைத்தால் அது ஆயுத பூஜை மாதிரி ஆகிவிடும். குங்குமம் அவள் விரலில் காய ஆரம்பித்தது.

நான் எழுந்து போய் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தேன். கை தெரிகிற இடத்தைத் தாண்டி, படம் முடிகிற இடத்தையும் தாண்டி, மேலே சட்டத்துக் கட்டைக்குக் கொண்டு போனேன். நான் அன்று இன்னும் கொஞ்சம் பின்னால் நின்று எடுத்திருந்தால் அங்கேதான் நெற்றி வந்திருக்கும். அத்தை அங்கே பொட்டு வைத்தாள். அப்பா அதைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு, மசாலா வாங்குகிற வீடுகளுக்கு நான் போக ஆரம்பித்தேன். மெர்டேக்கா முடிந்து சில மாதத்தில் டீச்சரும் ஊருக்குப் போய்விட்டார் என்று செட்டி வீட்டில் மிளகாய் கொடுக்கும்போது சொன்னார்கள்.

படம் இப்போது என் மகன் வீட்டில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷத் திதிக்குப் பொட்டு வைக்கிறோம். சட்டத்தில் மேல் கட்டை மட்டும் குங்குமம் ஊறிக் கறுத்துப் போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள், ஏன் படத்தில் வைக்காமல் கட்டையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கேதான் அம்மாவின் முகம் என்று சொல்வேன். அவர்கள் கொஞ்ச நேரம் வெறுங்கட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் பார்ப்பேன். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இடம் வலமாகத் தெரிந்த முகம் எனக்கு ரொம்ப வருஷம் ஞாபகம் இருந்தது. இப்போது மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.